ஒரு அடி முன்னால்

மார்ச் 4

கணக்குக்கு,

‘அன்புள்ள’ என்று ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். மூன்றாவதிலும் கை வரவில்லை, அதனால் இப்படியே போகட்டும். எதையும் கூட்டிக் கழித்துப் பார்க்காமல் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாய் என்று உனக்கு இந்தப் பெயரை வைத்தவளே நான்தான். அப்போது விளையாட்டாக வைத்தேன்.

வீட்டுக்கு வந்து ஆறு நாளாகிறது. விசாரணைக் குழு முடிவு சொல்லும்வரை ராணுவ அகாடமி வாசலை மிதிக்கக் கூடாதாம். எனக்குப் பயிற்சியில் கணுக்கால் பிசகிவிட்டது, ஓய்வுக்கு வந்திருக்கிறேன் என்று அப்பா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். அதனால் வாசலுக்குப் போனால் நொண்ட வேண்டும். முதல் நாள் வலது காலை நொண்டினேன். மறுநாள் எதிர்வீட்டுத் தையல்காரர், “இடது கால்னு இல்ல உங்கப்பா சொன்னாரு?” என்றார். “ரெண்டும்தாண்ணா” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள். எனக்கு வரவில்லை.

அன்றைக்கு நடந்ததை எழுதிவிடுகிறேன். உனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் நீ அதை எப்படி ஞாபகம் வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாதே.

நம் குளியலறையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பாதி காலியான மாத்திரை அட்டை கிடைத்தது. தூக்கம் வராமல் இருக்கப் போடுகிறது. கையில் வைத்திருந்தாலே குற்றம். அதற்கு முந்தின வாரம்தான் பக்கத்து செக்‌ஷனில் இரண்டு பேர் சோதனையில் மாட்டி, மத்தியானச் சாப்பாட்டுக்குள் பெட்டியோடு கேட்டுக்கு வெளியே நின்றார்கள். நம் ஒன்பது பேரிடமும் காலையிலேயே சிறுநீர் எடுத்தார்கள். முகம் கழுவுகிற இடத்தில் நீ என் கையைப் பிடித்து, “அது என்னோடதுடீ. மேப் பரீட்சை வாரத்துல போட்டேன். பத்து நாளாச்சு” என்றாய். பிடித்த கை நடுங்கியது. நான் மற்ற ஏழு பேரையும் கூப்பிட்டேன். “யாருதுன்னு கேக்காதீங்க. எப்பவும் போலத்தான்” என்றேன். ஏழு பேரும் தலையாட்டினார்கள். நீயும் ஆட்டினாய்.

எப்பவும் போல என்றால் என்னவென்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? ஜன்னல் கண்ணாடி உடைந்தபோதும், சமையலறையில் ஒரு கூடை ரொட்டி காணாமல் போனபோதும், ‘செய்தவர் ஒரு அடி முன்னால் வா’ என்றதும் ஒன்பது பேரும் ஒன்றாக முன்னால் வந்தோம். ஒன்பது பேரும் மைதானத்தைச் சுற்றி ஓடினோம். எவள் செய்தாள் என்று எந்த அதிகாரியும் மேற்கொண்டு கேட்டதில்லை. நெட்டையாய் வளர்ந்த பாவத்துக்கு வரிசையின் வலது முனையில் நிற்கிறவள் நான். என் பூட்ஸ் சத்தம் கேட்டதும் நீங்கள் எட்டுப் பேரும் காலெடுத்து வைப்பீர்கள்.

அன்றைக்கு அணிவகுப்பில் கர்னல் என்ன சொன்னார்? “எடுத்தவங்க இப்பவே ஒரு அடி முன்னால வாங்க. வந்தா ஒரு வருஷம் பின்தங்குவீங்க, அவ்வளவுதான். வராம பின்னால மாட்டினா வீட்டுக்குத்தான்.” நான் அடி எடுத்து வைத்தேன். என் இடது பக்கமிருந்து ஒரு பூட்ஸ் சத்தமும் வரவில்லை.

ரிசல்ட்டில் எல்லோரும் சுத்தம். நாலைந்து நாளில் மருந்து உடம்பை விட்டுப் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் நான் சுத்தம் என்பதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. முன்னால் வந்தவள் நான் ஒருத்தி. அட்டை என்னுடையது என்று எழுதிக்கொண்டார்கள். விசாரணை அதிகாரி கேட்டதற்கெல்லாம் சொல்ல ஒன்றுமில்லை என்றேன். வாயைத் திறந்தால் உன் பெயர் வந்துவிடும்.

குழு 26ஆம் தேதி கூடுகிறது. என்னைக் கூப்பிட மாட்டார்களாம், காகிதங்களை வைத்தே முடிவெடுப்பார்களாம். அந்தக் காகிதங்களோடு உன்னுடையதும் ஒன்று இருக்க வேண்டும். அட்டை உன்னுடையது, நான் தொட்டதே இல்லை. ஒரு பக்கம் போதும்.

நெட்டை

—

மார்ச் 8

அன்புள்ள நெட்டை,

உன் கடிதம் வந்தது. நான்கு முறை படித்தேன். எங்கள் போன்களைப் பூட்டி வைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கடிதம் எழுதலாம். ஒட்டிய உறையைப் பிரிக்க மாட்டோம் என்கிறார்கள். நான் நம்பவில்லை. இதைச் சலவைக்காரரிடம் கொடுத்து வெளியில் போடச் சொல்கிறேன். நீயும் இனி அவர் கடை முகவரிக்கே எழுது.

என் கால் ஏன் நகரவில்லை என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உன் பூட்ஸ் சத்தம் கேட்டது. குதிகாலைத் தூக்கிவிட்டேன், நெட்டை. பக்கத்தில் இருந்தவள் அசையவில்லை. அவளைத் தாண்டி இருந்தவளும் அசையவில்லை. மற்றவர்கள் வராமல் நாம் இரண்டு பேர் மட்டும் முன்னால் நின்றால் எடுத்தது இரண்டு பேர் என்றாகிவிடும் என்று தோன்றியது. அதற்குள் கர்னல் உன்னிடம் வந்துவிட்டார். குதிகாலைக் கீழே வைத்துவிட்டேன்.

இப்போது நான் சொல்வதைக் கோபப்படாமல் கேள். நீ முன்னால் வந்தவள். உனக்கு ஒரு வருஷம் போகும். நான் வராதவள். இப்போது எழுதிக் கொடுத்தால் எனக்கு எல்லாமே போய்விடும். பயிற்சி முடிந்து பாஸிங் அவுட்டுக்கு இன்னும் பதினோரு வாரம்தான் இருக்கிறது. திரும்பிப் போவதற்கு உனக்கு ஒரு வீடு இருக்கிறது. என் அண்ணன் வீட்டில் என் அறையில் இப்போது தொட்டில் தொங்குகிறது. போன விடுமுறைக்குப் போனபோது அண்ணி, “எத்தனை நாள் லீவு?” என்று கதவைத் திறக்கும்போதே கேட்டார்.

நான் நியாயம் பேசவில்லை. இரண்டு பேருடைய நஷ்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அவ்வளவுதான். நீ பொறுத்துக்கொண்டால் இரண்டு பேருமே அதிகாரி ஆவோம். நீ ஒரு வருஷம் கழித்து ஆவாய்.

இப்படிக்கு
கணக்கு

—

மார்ச் 11

கணக்கு,

வைத்த பெயரை வீணாக்காமல் காப்பாற்றிவிட்டாய். ஒரு வருஷம் என்று எத்தனை லேசாக எழுதியிருக்கிறாய்! ஒரு வருஷம் போனால் போகட்டும், நான் என்ன அழுகிறேனா? போதை மருந்து எடுத்தவள் என்று என் ஃபைலின் முதல் பக்கத்தில் இருக்கும். எந்தப் பட்டாளத்துக்கு மாற்றல் ஆனாலும் எனக்கு முன்னால் அந்த ஃபைல் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும். எனக்குக் கீழே முப்பது பேர் இருப்பார்கள், முப்பது பேருக்கும் தெரிந்திருக்கும்.

உன் பட்டியலில் விட்டுப்போனது ஒன்றைச் சொல்கிறேன். அம்மா ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர் என்று உனக்குத் தெரியும். முந்தாநாள் வேலை முடிந்து வந்ததும் கைப்பையிலிருந்து மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். பக்கத்தில், சிறுநீரில் மருந்து இருக்கிறதா என்று பார்க்கிற ஒரு சோதனை அட்டை. அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். நான் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். “எனக்காகச் செய்யேன்மா” என்றார். அம்மா என்னை ‘மா’ போட்டுக் கூப்பிட்டால் பயந்திருக்கிறார் என்று அர்த்தம். கதவைச் சாத்த வேண்டாம் என்றார், நம் மருத்துவ அறையில் நர்ஸ் சொல்வாரே, அதே மாதிரி. பெற்ற தாய் வாசலில் நின்று பார்க்க, இருபத்தொரு வயதில் நான் டப்பாவில் பிடித்துக் கொடுத்தேன்.

சுத்தம் என்றுதான் வந்தது. அம்மா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, “நாலு நாள்ல போயிடுமாமே” என்றார்.

அவரிடம் நான் என்ன சொல்ல? தொடவில்லை என்று வந்த அன்றைக்கே சொல்லிவிட்டேன். “அப்புறம் ஏன் முன்னால போன?” என்று கேட்டார். வேறொருத்திக்காக என்றேன். “யாரு?” என்றார். சொல்லவில்லை. யாருக்காகவோ போனேன் என்று சொல்லி, அந்த யாரோ யார் என்று சொல்லாமல் இருந்தால் எந்த அம்மா நம்புவார்? அப்பா பேசுவதே இல்லை. அவருடைய பூட்டுக் கடைக்கு அவரோடு போய் உட்கார்ந்து அரத்தால் சாவி ராவுகிறேன். கல்லாவுக்கு மேலே சீருடையில் நான் நிற்கிற போட்டோ தொங்குகிறது. சாவி செய்ய வருகிறவர்கள் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “எப்ப முடியுது படிப்பு?” என்கிறார்கள். அப்பாவே முந்திக்கொண்டு, “கால் சரியானதும்” என்கிறார்.

உன் பெயரை நான் சொல்ல மாட்டேன். அந்தக் கவலை உனக்கு வேண்டாம். நீயாகச் சொல்ல வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

நெட்டை

—

மார்ச் 15

நெட்டை,

அம்மாவைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதைச் சொல்வதால் உனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரியும்.

உன் கட்டிலில் மெத்தையைச் சுருட்டிக் கட்டிவிட்டார்கள். அலமாரிமேல் காகிதம் ஒட்டி சார்ஜென்ட் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மற்ற ஏழு பேரும் உன்னைப் பற்றிப் பேசுவதில்லை. நான் அறைக்குள் வந்தால் பேச்சை நிறுத்துகிறார்கள். அட்டை என்னுடையது என்று அவர்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். ஒருத்தியும் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் அவர்களும் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும்.

எழுதத்தான் போனேன். பேனாவை எடுப்பதற்கு முன்னால் ஒழுங்கு நடவடிக்கை அலுவலகத்து கிளார்க்கிடம் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. ஆமாம், கணக்குப் புத்திதான். பொதுவாகத் தெரிந்துகொள்வதுபோல் சுற்றி வளைத்துக் கேட்டேன். அவர் பதினெட்டு வருஷமாக அந்த மேசையில் இருக்கிறார். சுற்றி வளைத்துக் கேட்பவர்கள் எல்லோரையும் பார்த்தவர். ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்:

“மருந்து எடுத்தேன்னு தானா வந்து ஒத்துக்கிட்டா ஒரு வருஷம். பரேடுல கமாண்டர்கிட்ட பொய் சொன்னா வீட்டுக்கு அனுப்புறதைத் தவிர வேற வழியே இல்ல. மருந்து எடுக்கிறதை இவங்க பலவீனம்னு நினைக்கிறாங்க. பொய் சொல்றதைத்தாம்மா குற்றம்னு நினைக்கிறாங்க. அந்தப் பொண்ணு வாயைத் திறக்காம இருந்தா ஒரு வருஷத்தோட தப்பிச்சுக்கும். நல்லது பண்றேன்னு எவளும் குறுக்க வராம இருக்கணும்.”

புரிகிறதா, நெட்டை? நீ எடுக்கவில்லை என்று நான் எழுதினால், நீ முன்னால் வந்தது பொய் என்று எழுதினது மாதிரி. எனக்குப் பயம் இல்லை என்று சொல்லவில்லை. பயம்தான். ஆனால் இது வேறு. தயவுசெய்து யோசி.

கணக்கு

—

மார்ச் 18

சபாஷ்.

எழுதாமல் இருக்க நூறு சாக்கு தேடிக்கொண்டிருந்தாய், நூற்றொன்றாவது ஒரு கிளார்க் வாயிலிருந்து கிடைத்துவிட்டது. உன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்கு என்னையே காப்பாற்றுகிறேன் என்று பெயர் வைத்துவிட்டாயே, இதற்கு உன்னைத் தவிர யாருக்கும் மூளை வராது.

நான் எங்கேடீ பொய் சொன்னேன்? ஒரு வார்த்தை பேசினேனா? காலைத் தூக்கி முன்னால் வைத்தேன். நாம் ஒன்பது பேரும் மூன்று வருஷமாகச் செய்கிறது. அந்த அகாடமியில் படித்த ஒவ்வொருத்தரும் செய்தது. கர்னலும் அங்கேதான் படித்தார். அவருக்குத் தெரியாதா ஏன் வைத்தேன் என்று? எழுதிக் கொடுத்தால் புரிந்துகொள்ள மாட்டாரா?

சொல்லிக்காட்டக் கூடாது என்று இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லிக்காட்டுகிறேன். நீ தனியாக நிற்கக் கூடாது என்றுதான் வைத்தேன். உன் கை நடுங்கியதே, அதற்காக வைத்தேன். அன்றைக்கு அங்கே நின்ற எட்டுப் பேரில் ஏழு பேரை என்னால் மறக்க முடியும்.

குழு கூட எட்டு நாள் இருக்கிறது. அதற்குள் எழுதினால் எழுது. எழுதாவிட்டால் இந்த முகவரிக்கு எதுவும் அனுப்பாதே, வந்தால் பிரிக்காமலே அடுப்பில் போடுவேன்.

—

மார்ச் 29

நெட்டை,

அலுவலகக் கடிதம் உனக்கு முதலில் வருமா, இது முதலில் வருமா தெரியவில்லை. இதுவே முதலில் வரட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். என் வாயால் சொன்னால் திட்டுவதற்காவது ஒரு ஆள் இருக்கும்.

திங்கட்கிழமை எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கம் போதும் என்றாய். மூன்று பக்கம் ஆகிவிட்டது. மாத்திரை எங்கே வாங்கினேன், எத்தனை போட்டேன், முகம் கழுவுகிற இடத்தில் உன்னிடம் என்ன சொன்னேன், ‘எப்பவும் போல’ என்றால் என்ன என்று எல்லாவற்றையும் எழுதினேன். மற்ற ஏழு பேரிடமும் கையெழுத்துக் கேட்டேன். ஒருத்தியும் போடவில்லை. கர்னல் அவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று ஏழு பேரும் சொல்லிவிட்டார்கள்.

கர்னல் என்னை உட்காரச் சொன்னார். அதுவே எனக்குப் பயமாக இருந்தது. மூன்று பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். பிறகு கேட்டார்.

“அட்டை உன்னோடதுன்னு அவளுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சேதான் முன்னால வந்தாளா?”

“நாங்க எல்லாரும் வர்றதா இருந்தது சார். இது இங்க எப்பவும் நடக்கிறதுதான்.”

“நாங்களும் அப்படி முன்னால வந்திருக்கோம்” என்றார். “ஜன்னல் கண்ணாடிக்கு.”

அவருக்கு உன்மேல் கோபம் இல்லை, நெட்டை. அதை என் கண்ணாலேயே பார்த்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். “என்கிட்ட நேரா பொய் சொன்னவளை எந்த விதிப்படி நான் இங்க வெச்சுக்கிறது? நீயே காட்டு” என்று விதிப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். நான் புரட்டினேன். கேட்டாரே என்பதற்காக இல்லை, நிஜமாகவே ஏதாவது இருக்கும் என்று நினைத்து ஒவ்வொரு பக்கமாகத் தேடினேன். இல்லை.

வியாழக்கிழமை குழு கூடியது. என்மேல் எந்தச் சாட்சியும் இல்லை, நான் மாட்டவும் இல்லை, நானாக வந்து ஒத்துக்கொண்டேன் என்பதால் எனக்கு ஒரு வருஷம். அடுத்த வருஷத்து செக்‌ஷனோடு மறுபடி படிக்க வேண்டும். உனக்கு நீக்கம்.

அந்த கிளார்க் தாழ்வாரத்தில் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் இங்கே இருப்பது சரியில்லை. விலகல் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அண்ணன் வீட்டுக்குப் போக மாட்டேன், எங்காவது வேலை பார்த்துக்கொள்வேன். கொடுத்துவிட்டு வந்துவிடட்டுமா? நீ சொன்னால் நாளைக்கே கொடுக்கிறேன்.

கணக்கு

—

ஏப்ரல் 3

கணக்கு,

அலுவலகக் கடிதம்தான் முதலில் வந்தது. உன்னுடையதை அடுப்பில் போடவில்லை. போட்டிருக்கலாம்.

அம்மாதான் பிரித்தார். ‘போதைப்பொருள் பயன்படுத்தியதற்கு எந்த ஆதாரமும் இல்லை’ என்று முதல் பத்தியில் இருந்தது. அதை மூன்று தடவை சத்தமாகப் படித்தார். அடுத்த பத்திக்கு அவர் போகவே இல்லை. என்னைக் கட்டிக்கொண்டு, “தொடலைன்னு நீ சொன்னப்பவே நான் நம்பியிருக்கணும்டீ, என்னை மன்னிச்சிடு” என்று அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு தையல்காரர் வீட்டுக்குக் கிளம்பினவரை அப்பா வாசலில் நிறுத்தி, வாங்கிக் கீழே இருந்ததைப் படித்தார். அணிவகுப்பில் தலைமை அதிகாரியிடம் பொய்யான ஒப்புதல் அளித்ததற்காக நீக்கம். படித்துவிட்டு மடித்து என்னிடம் கொடுத்தார்.

“பேசாம நீ மாத்திரையையே போட்டிருக்கலாம்” என்றார். ஒரு மாதத்துக்கு அப்புறம் என்னோடு பேசிய முதல் வார்த்தை அது.

அம்மாவுக்கு இன்னும் சந்தோஷம்தான். வேலை எங்கே போனாலும் கிடைக்கும், பெயர் கெட்டால் வராது என்கிறார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் தலையாட்டுகிறேன். ஆனால் உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? இப்படி முடியும் என்று தெரிந்திருந்தால் எனக்கு அந்தக் கெட்ட பெயரே போதும் என்றிருப்பேன். அம்மா ஆயுசுக்கும் சந்தேகப்பட்டால் பட்டுக்கொள்ளட்டும், எனக்குச் சீருடை வேண்டும் என்றிருப்பேன். நீ முன்கூட்டியே சொன்னாய். நான்தான் கேட்கவில்லை. உண்மையை எழுது, எழுது என்று உன் கழுத்தைப் பிடித்தேன். என்னைக் காப்பாற்றுகிற அளவுக்கு உண்மை போதும் என்று நினைத்துக் கேட்டேன். நீ மூன்று பக்கம் கொடுத்தாய்.

நீ எழுதாமல் இருந்திருந்தால் உன்னைக் கோழை என்று திட்டிவிட்டு அடுத்த வருஷம் திரும்பி வந்திருப்பேன். கொஞ்ச நாளில் கோபமும் ஆறியிருக்கும். இப்போது எனக்குத் திட்டக்கூட வழியில்லாமல் செய்துவிட்டாய். நீ செய்தது சரி. நான் கேட்டதைத்தான் செய்தாய். அது தெரிந்தும் உன் பெயரைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

விலகட்டுமா என்று கேட்டிருக்கிறாய். கூடாது. பெரிய மனது பண்ணிச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நீயும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து என்முன் நின்றால் நான் உன்னை மன்னித்துதான் ஆக வேண்டும். அதற்கு எனக்கு மனமில்லை.

நீ அங்கேயே இரு.